பதினோராம் எண் கூண்டு

ஞாயித்துக்கிழமை காலை ஒன்பது மணிக்கு டேமேஜர்கிட்டேர்ந்து போன் வந்தா அது நல்ல சேதியா இருக்காதுன்னு பொட்டி தட்டுற எல்லாருக்கும் தெரியும். நான் அப்போ பழவேற்காட்டுல இருந்தேன். வாசல்ல நைனா கிழிஞ்ச வலையைத் தைச்சுகிட்டிருக்க, பக்கத்துல உக்காந்து இட்லியும் முந்தின நாள் நண்டுக் குழம்பும் அமுக்கிகிட்டிருந்தேன். (முந்தின நாள் நண்டுக் குழம்போட அருமை தெரியாதவங்க தயவுசெஞ்சு எங்க ஊருக்கு ஒரு நடை வாங்க.)

"எங்கப்பா இருக்க? கடையெல்லாம் நின்னு போச்சு. ஒரு பில் கூட போட முடியல."

கடைன்னா ஒண்ணு ரெண்டு இல்ல, நாப்பது கடை. மளிகை விக்கிற ஒரு கம்பெனி. பேரு வேணாம், சோறு போடுற சாமி. அவங்க பில்லு, சரக்கு இருப்பு எல்லாம் கிடக்குற டேட்டாபேஸைப் பார்த்துக்கறதுதான் நான் புடுங்கற ஆணி. மளிகைக் கடைக்கு ஞாயித்துக்கிழமை காலைன்னா எப்படி இருக்கும்னு சொல்லத் தேவையில்ல. சனம் கூடையும் கையுமா வரிசையில நிக்குது, மெஷின் பெப்பேங்குது.

நான் கேட்ட முதல் கேள்வி, "அலர்ட் மெயில் எதுவும் வரலையே?"

அவர் சொன்ன பதில், "அதை நான்தான் உன்கிட்ட கேக்கணும்."

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும். அந்த அலர்ட்டை ஏற்பாடு பண்ணது சாட்சாத் அடியேன்தான். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, வேலையில கொஞ்சம் பல்லு முளைச்ச சமயம். "ஏதாச்சும் ஆச்சுன்னா தானா மெயில் வர்ற மாதிரி பண்ணிடு"ன்னு ஒரு வரியில சொல்லிட்டாங்க. எஸ்க்யூஎல் சர்வர்ல இதுக்கு வேண்டியது எல்லாம் உள்ளயே இருக்கு. டேட்டாபேஸ் மெயில்னு ஒண்ணு, அதுக்கு ஒரு ப்ரொஃபைல், ஒரு மெயில் கணக்கு. அப்புறம் ஏஜெண்ட்ல போய் ஒரு 'ஆபரேட்டர்' உருவாக்கணும். பேரு பெருசா இருக்கேன்னு மிரள வேணாம், யாருக்கு மெயில் போகணும்ங்கிற விலாசம், அவ்ளோதான். கடைசியா எதுக்கெல்லாம் மெயில் போகணும்ங்கிற பட்டியல்.

இந்தப் பட்டியல்லதான் விஷயமே இருக்கு. பிழைகளுக்கு 0லேர்ந்து 25 வரைக்கும் தீவிர எண் உண்டு. 16 வரைக்கும் பெரும்பாலும் நம்ம ஆளுங்க க்வெரியைத் தப்பா எழுதின கதைங்க. 17லேர்ந்துதான் சர்வர் மூச்சு வாங்க ஆரம்பிக்கும். 20க்கு மேலன்னா கனெக்‌ஷனே அறுந்துடும். அதனால 17லேர்ந்து 25 வரைக்கும் ஆளுக்கொரு அலர்ட். கூடவே 823, 824, 825ன்னு மூணு எண்களைத் தனியா சேர்க்கணும். முதல் ரெண்டும் டிஸ்க்ல எழுதினது கெட்டுப்போச்சுன்னு நேரடியா ஒப்பாரி வைக்கும். மூணாவது இருக்கே, அது ஊமைக் குசும்பு. "படிச்சேன், முடியல, மறுபடி முயற்சி பண்ணினேன், கிடைச்சுடுச்சு"ன்னு மட்டும் சொல்லும். தீவிர எண் வெறும் 10. 17க்கு மேல மட்டும் அலர்ட் வெச்சவனுக்கு இது கண்ணுலயே படாது. ஆனா டிஸ்க் சாகறதுக்கு நாள் எண்ணிகிட்டிருக்குன்னு முதல்ல சொல்லப்போறது பெரும்பாலும் அதுதான். கடல் சத்தமில்லாம உள்வாங்குறப்ப "அட, மணல்ல மீன் துள்ளுதே"ன்னு பொறுக்கப் போற மாதிரி.

இது போக, ராத்திரி பேக்கப் வேலை தோத்துச்சுன்னா ஒரு மெயில், டிஸ்க்ல இடம் குறைஞ்சா ஒரு மெயில். ஒரு வெள்ளிக்கிழமை சாயந்தரம் எல்லாத்தையும் போட்டு முடிச்சு, சோதனை மெயில் ஒண்ணு அனுப்பிப் பார்த்தேன். திரையில வரும் பாருங்க, மெயில் வரிசையில் சேர்க்கப்பட்டதுன்னு. வரிசையில் சேர்ந்ததுன்னுதான் சொல்லும், போய்ச் சேர்ந்ததுன்னு சொல்லாது. எனக்கு அப்போ அந்த வித்தியாசம் உறைக்கல. இன்பாக்ஸ்ல வந்து விழுந்ததும் டீ குடிக்கப் போயிட்டேன்.

திங்கக்கிழமை வந்து பார்த்தா டீம் மொத்தம் என்னை அடிக்க ஆள் திரட்டிகிட்டிருக்கு. ஆளுக்கு 1,400 மெயில். ஒரு அலர்ட்டுக்கும் அடுத்த அலர்ட்டுக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளி விடணும்னு ஒரு கட்டம் இருக்கு. அதை நிரப்பாம விட்டா பூஜ்ஜியம். ஒரே பிழை நிமிஷத்துக்கு இருபது தடவை வந்தா இருபது மெயிலும் போகும். நான் நிரப்பல.

மத்தியானத்துக்குள்ள எல்லாரும் அவுட்லுக்ல ஒரு விதி போட்டுட்டாங்க. என் சர்வர்லேர்ந்து வர்றது எதுவா இருந்தாலும் நேரா ஒரு ஃபோல்டருக்கு. ஒருத்தன் அந்த ஃபோல்டருக்கு 'கொசு'ன்னு பேர் வெச்சிருந்தான். இடைவெளியைப் பத்து நிமிஷம் ஆக்கி மெயிலைக் குறைச்சுட்டேன்னு எவ்வளவு கெஞ்சியும் யாரும் அந்த விதியை எடுக்கல. ஒரு தடவை கொசுன்னு முடிவு பண்ணிட்டா அப்புறம் கழுகே வந்தாலும் கொசுதான்.

எங்க டீம்ல ஒரு சீனியர் அண்ணன் மட்டும் எல்லா மெயிலையும் ஒழுங்கா படிப்பாரு. அதனால நான் ஒரு புத்திசாலித்தனம் பண்ணேன். டீமோட பொது விலாசத்தை எடுத்துட்டு, ஆபரேட்டர்ல அவரோட விலாசத்தை மட்டும் போட்டேன். அவரும் அதுக்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல ஒரு பிரச்சினையும் வெளிய தெரியாம பார்த்துகிட்டாரு. நாங்க எல்லாம் சர்வர் ரொம்ப நல்லா ஓடுதுன்னு நினைச்சுகிட்டிருந்தோம்.

அந்த அண்ணன் பிப்ரவரியில வேலையை விட்டுப் போனாரு. கேக் வெட்டினோம், போட்டோ எடுத்தோம். லேப்டாப், ஐடி கார்டு, சாப்பாட்டு கூப்பன் எல்லாம் திருப்பி வாங்கினாங்க. அலர்ட்டைத் திருப்பி வாங்கணும்னு யாருக்கும் தோணல. எனக்கும்தான்.

சரி, ஞாயித்துக்கிழமைக்கு வருவோம். வீட்டுக்குள்ள சிக்னல் ஒரு கோடு. லேப்டாப்பைத் தூக்கிகிட்டு கரைக்கு ஓடி, கவுத்துப் போட்டிருந்த ஃபைபர் போட் மேல ஏறி உக்காந்தேன். மொபைல்லேர்ந்து நெட், அது வழியா விபிஎன். உள்ள போய்ப் பார்த்தா 9002. அதாவது டிரான்ஸாக்‌ஷன் லாக் நிரம்பி வழியுது. நடக்குற ஒவ்வொரு மாற்றத்தையும் சர்வர் முதல்ல இந்த லாக்லதான் எழுதும். லாக் பேக்கப் எடுக்க எடுக்கத்தான் உள்ள பழைய இடம் காலியாகும். பேக்கப் நின்னா லாக் வீங்கிகிட்டே போகும், டிஸ்க் முட்டுனதும் புது பில் ஒண்ணு கூட எழுத முடியாது.

பேக்கப் எப்போ நின்னுச்சுன்னு தேடினேன். வியாழக்கிழமை ராத்திரி. பேக்கப் ஃபைல் போய்ச் சேர வேண்டிய இன்னொரு சர்வர்ல பாஸ்வேர்டு காலாவதி. அதுலேர்ந்து பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை பேக்கப் தோத்திருக்கு, ஒவ்வொரு தடவையும் கடமை தவறாம மெயில் போயிருக்கு. ரெண்டரை நாள்ல 200க்கு மேல. மெயில் லாக்கைத் திறந்தா ஒவ்வொண்ணுக்கு நேராவும் 'அனுப்பப்பட்டது'ன்னு அழகா இருக்கு. எல்லாம் கேக் வெட்டி அனுப்பின அண்ணனோட மூடின பெட்டிக்கு. "இப்படி ஒரு ஆள் இங்க இல்லை"ன்னு திரும்பி வந்த கடிதாசி எல்லாம் அனுப்புன விலாசத்துக்கே போயிருக்கு. அது யாரும் திறக்காத 'பதில் அனுப்பாதீர்' விலாசம்.

வேற டிஸ்க்குக்கு லாக் பேக்கப் எடுத்து, இடம் காலி பண்ணி, சர்வரை எழுப்ப இருபது நிமிஷம்தான் ஆச்சு. ஆனா சனிக்கிழமை நடு ராத்திரியே நின்னு போனதை, காலையில கடை திறந்து, கேஷ் கவுண்ட்டர்ல இருந்த புள்ளைங்க அவங்க மேனேஜருக்குச் சொல்லி, அவர் எங்க டேமேஜருக்குச் சொல்லி, அது என் நண்டுக் குழம்பு வரைக்கும் வந்து சேர அத்தனை நேரம். நடுவுல பல கடைங்கள்ல துண்டுச் சீட்டுல கையால கணக்கு எழுதிக் கொடுத்திருக்காங்க. சாயந்தரம் அந்தக் கணக்கு உதைச்சப்போ வித்தியாசத்தைச் சம்பளத்துல பிடிப்பாங்களோன்னு ஒரு கடையில ஒரு பொண்ணு அழுதுச்சாம். அந்த ஒரு தகவல்தான் எனக்கு இன்னிக்கும் முள்ளு மாதிரி நிக்குது.

நான் போட்லேர்ந்து இறங்கி வந்தப்போ நைனா வலையை மடிச்சு வெச்சுட்டு பீடி பத்த வெச்சிருந்தாரு.

"இன்னாடா ஆச்சு?"

சொன்னேன். டேட்டாபேஸ்னா என்ன, லாக்னா என்னன்னு எல்லாம் கேக்கல. ஒரே கேள்விதான். "அனுப்புனேன் அனுப்புனேன்றியே, யார் கைக்குப் போய்ச் சேந்துச்சுன்னு எவனாவது பாத்தீங்களா?"

எங்க நைனா இந்தக் கேள்வியைக் கேக்கறதுக்குக் காரணம் உண்டு.

2004 டிசம்பர் 26. அதுவும் ஞாயித்துக்கிழமை. நான் மூணாங் கிளாஸ். எங்க குப்பத்துக்கு ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் கடல், நடுவுல கொஞ்சம் மணல். நைனா விடியக்காலையிலயே கடலுக்குப் போயிட்டாரு. ஆயா கருவாடு காயப் போட்டுகிட்டிருந்தாங்க. அம்மா என்னையும் தங்கச்சியையும் இழுத்துகிட்டு ஓடினது ஞாபகம் இருக்கு, எதுக்கு ஓடுறோம்னு புரிஞ்சது ஞாபகம் இல்ல. ஆயாவால ஓட முடியல. வேலிக்காத்தான் மரத்தை முள்ளோட கட்டிப் பிடிச்சுகிட்டு நின்னாங்க. தண்ணி வடிஞ்சப்புறம் கையை மரத்துலேர்ந்து பிரிக்க ரெண்டு ஆள் வேண்டியிருந்துச்சு. சாகற வரைக்கும் உள்ளங்கையில அந்தத் தழும்பு. நைனாவுக்கோ ஆழத்துல ஒண்ணுமே தெரியல. அங்க சுனாமி அலை லேசா தூக்கி இறக்கற மாதிரிதான் இருக்கும். மத்தியானம் கரைக்கு வந்து பார்த்தா வீடு இருந்த இடத்துல வீடு இல்ல. ஆனா நாங்க தப்பிச்சோம். நாகப்பட்டினம் மாவட்டத்துல மட்டும் 6,000 பேருக்கு மேல போனாங்க.

அன்னிக்குச் சுமத்ரா பக்கம் பூமி குலுங்குனது நம்ம நேரப்படி காலை 6.29க்கு. தண்ணி நம்ம கரைக்கு வந்தது ரெண்டு மணி நேரத்துக்கும் மேல கழிச்சு. நம்ம தொழில்ல ரெண்டு மணி நேரம்ங்கறது பொன்னு மாதிரி. ஹவாய்ல இருக்கிற பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் பதினஞ்சே நிமிஷத்துல முதல் அறிவிப்பை அனுப்பிடுச்சு. ஆனா அது பசிபிக் நாடுகளுக்கான மையம். அறிவிப்புல இருந்தது, பசிபிக் கரைகளுக்கு ஆபத்தில்லைன்னு. தப்பே இல்லாத தகவல். பட்டியல்ல இருந்தவங்களுக்கு ஒழுங்கா போய்ச் சேர்ந்தது. நாம பட்டியல்லயே இல்ல.

நம்ம பக்கம் நடந்தது இன்னும் கூத்து. டெல்லியில வானிலைத் துறை, பூகம்பம் பத்தி அறிவியல் துறை அமைச்சருக்கு அனுப்பின ஃபேக்ஸ் முன்னாள் அமைச்சர் வீட்டுக்குப் போச்சுன்னு அப்போ பத்திரிகையில எல்லாம் வந்துச்சு. ஆட்சி மாறி ஏழு மாசம் ஆகியிருந்தது, ஃபேக்ஸ் விலாசம் மாறல. காலேஜ் படிக்கறப்போ இதை முதல் தடவை படிச்சப்ப விழுந்து விழுந்து சிரிச்சேன், என்னா அரசாங்கம்டான்னு. இந்த ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் சிரிக்க வாய் வரல. அது பேரு ஃபேக்ஸ், இது பேரு ஆபரேட்டர். மத்தபடி அதே கதைதான்.

அதே நாள் புதுச்சேரி பக்கத்துல நல்லவாடு குப்பத்துல நடந்ததையும் சொல்லணும். சிங்கப்பூர்ல வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் ஒருத்தர் டிவியில செய்தி பார்த்துட்டு வீட்டுக்குப் போன் போட்டாரு. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்க ஒரு தகவல் மையம் வெச்சிருந்தது. அங்க ஒலிபெருக்கி இருந்தது. அந்த நிறுவனம் தொண்ணூறுகளோட கடைசியிலேர்ந்தே அந்தப் பக்கத்துல இந்த வேலையைப் பண்ணிகிட்டிருந்தது. வீராம்பட்டினத்துல அலை உயரம் எவ்வளவுங்கற கணிப்பை அமெரிக்கக் கடற்படையோட இணையத்துலேர்ந்து எடுத்து, கரையில ஸ்பீக்கர்ல தினம் சொல்லுவாங்க. கடலுக்குப் போறவன் காதுல விழற மாதிரி, அவன் பாஷையில. நல்லவாட்டுக்காரங்க அந்த மாதிரி ஒரு ஸ்பீக்கர்லதான் "ஓடுங்க"ன்னு கத்துனாங்க. 3,000 பேருக்கு மேல இருந்த ஊரு, சனம் தப்பிச்சது. வீடும் படகும் போச்சு. சாட்டிலைட்டும் கிடையாது, சர்வரும் கிடையாது. ஒரு போன், ஒரு ஸ்பீக்கர். ஆனா அந்த ஸ்பீக்கர் வேலை செய்யும்னு அவங்களுக்குத் தெரியும், தினமும் கேட்டுகிட்டிருந்த குரல்.

அப்புறம் நாட்டுல நிறைய மாறிடுச்சு, அதையும் ஒத்துக்கணும். 2007 அக்டோபர்ல ஹைதராபாத் இன்காய்ஸ்ல சுனாமி எச்சரிக்கை மையம் வந்துச்சு. பூகம்பம் ஆன சில நிமிஷத்துல மெயில், ஃபேக்ஸ், எஸ்எம்எஸ்னு எல்லா வழியிலயும் அறிவிப்பு போகும். 2012 ஏப்ரல் 11 மத்தியானம் சுமத்ரா பக்கம் 8.6 அளவுல ஆடினப்போ நான் பத்தாவது பரீட்சைக்குப் படிச்சுகிட்டிருந்தேன். குப்பமே மேட்டுக்குப் போச்சு, நான் கணக்கு நோட்டோட. பூமித்தட்டுக்குள்ள பாறை பக்கவாட்டுல உரசினதால கடல் தரை மேல எழும்பல, பெரிய அலையும் வரல. "சும்மா பயமுறுத்திட்டானுங்க"ன்னு சிலர் சலிச்சுகிட்டாங்க. நைனா சலிச்சுக்கல. ஆயா அப்போ உயிரோட இருந்தாங்க, அதுவும் காரணமா இருக்கலாம்.

சலிப்புன்னதும் ராக்கெட் ஞாபகம் வருது. எங்க ஏரிக்கு அந்தாண்டதான் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விடுற நாள்ல கடலுக்குப் போகக் கூடாதுன்னு மீன்வளத் துறை சொல்லும், அது ஊர்ப் பெரியவங்களுக்கு வரும், அப்புறம் கோயில் மைக்ல சொல்லுவாங்க. 2019 ஜூலை 15 விடியக்காலையில சந்திரயான் 2 கிளம்ப 56 நிமிஷம் இருக்கறப்போ நிறுத்திட்டாங்க. அப்புறம் 22ஆம் தேதி விட்டாங்க. உலகத்துக்கு அது ஒரு வாரத் தள்ளிவைப்பு. கரையில உக்காந்திருந்தவனுக்கு இன்னொரு நாள் பொழப்பு. இத்தனைக்கும் கேக்காம போறவங்க எங்க ஊர்ல ரொம்பக் கம்மி. ஏன்னா மைக்ல சொல்லிட்டு விட்டுட மாட்டாங்க. சித்தப்பா கரையில நின்னு படகை எண்ணுவாரு. ஒண்ணு குறைஞ்சா அது யாருது, எப்போ போனான், போன் எடுக்கிறானான்னு பார்த்துட்டுத்தான் வீட்டுக்கு வருவாரு. அவரை யாரும் நியமிக்கல, சம்பளமும் கிடையாது.

இதையெல்லாம் அன்னிக்குச் சாயந்தரம் நைனாகிட்ட பேசிகிட்டிருந்தேன். தப்பு எங்கன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு, விலாசத்தை மாத்தினா சரின்னேன். அவர் பீடியை அணைச்சுட்டு, "சரி, உன் மெயிலு பொட்டியே பட்த்துக்குச்சுன்னா, அதை எந்த மெயில்ல சொல்லும்?"னாரு.

நான் முழிச்சேன்.

"பதினொன்னாம் நம்பர் கூண்டு எப்போ ஏத்துவான் தெரியுமா?"

சின்ன வயசுல நைனா ரெண்டு வருஷம் மெட்ராஸ் ஹார்பர்ல மூட்டை தூக்கினவரு. புயல் எச்சரிக்கைக் கூண்டு நம்ம எல்லாருக்கும் பழக்கம்தான். மழைக்காலம் வந்தா "மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது"ன்னு செய்தியில சொல்லுவாங்க, ஸ்கூல் லீவு விடுவாங்களான்னு பார்ப்போம். மொத்தம் 11 எண். 1, 2 தூரத்துல எங்கயோ இருக்கு. 3, 4 துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரலாம். 5லேர்ந்து 7 வரைக்கும் ஆபத்து. புயல் இடப்பக்கமா போகுதா, வலப்பக்கமா போகுதா, தலைக்கு நேரா வருதாங்கிறதை வெச்சு எண் மாறும். 8லேர்ந்து 10 வரைக்கும் அதே மூணு கணக்குல பெரும் ஆபத்து. நான் இத்தனை வருஷமும் 11ன்னா 10ஐ விடப் பெரிய புயல்னு நினைச்சுகிட்டிருந்தேன். பிரளயம் மாதிரி ஏதோ.

"அது புயலே இல்லடா. வானிலை ஆபீசோட பேச்சு அறுந்துச்சுன்னா ஏத்துறது. ஒண்ணும் சேதி வர்ல, அதனால உஷாரா இருன்னு."

அப்புறம் நெட்ல தேடிப் பார்த்தேன். அப்படியேதான் இருக்கு. எச்சரிக்கை மையத்தோட தொடர்பு துண்டிக்கப்பட்டது, மோசமான வானிலைக்கு வாய்ப்பிருக்குன்னு துறைமுக அதிகாரி நினைச்சா ஏத்த வேண்டிய கூண்டு 11. பத்து வகைப் புயலுக்கும் அப்புறம், பட்டியலோட உச்சியில, சேதி வராததுக்குன்னு ஒரு கூண்டு வெச்சிருக்கான் எவனோ ஒரு மகராசன், தந்திக் கம்பி காலத்துல. நான் நாலு வருஷம் இஞ்சினியரிங் படிச்சு, மூணு சர்ட்டிஃபிகேட் வாங்கி, மெயில் வரலைன்னா எல்லாம் நல்லா இருக்குன்னு நினைச்சுகிட்டு நண்டு தின்னுகிட்டிருந்தேன்.

திங்கக்கிழமை போய் உக்காந்து முழுக்கப் பிரிச்சு மேய்ஞ்சேன். ஆபரேட்டர்ல இனிமே ஆள் பேரு கிடையாது, குழு விலாசம்தான். உடனே எழுந்து பார்க்க வேண்டியது மட்டும் அதுக்கு, மத்ததெல்லாம் காலையில ஒரே மெயிலா. உடனே பார்க்க வேண்டியதை எழுதிப் பார்த்தா 1,400க்கு வழியில்லாம ஒன்பது வகைதான் மிஞ்சுச்சு. 825 அதுல உண்டு. திரும்பி வர்ற மெயிலும் ஒரு உயிருள்ள பெட்டிக்கு வர்ற மாதிரி மாத்தியாச்சு.

பதினோராம் எண்ணுக்குத்தான் கொஞ்சம் மெனக்கெட்டேன். சர்வர் பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை "இருக்கேன்"னு வேற ஒரு மெஷினுக்குச் சொல்லணும். கடைசி பேக்கப் எப்போ முடிஞ்சுதுங்கறதையும் கூடவே சொல்லணும். ரெண்டு தடவை சத்தம் வரலைன்னா அந்த மெஷின் மெயில் அனுப்பாது, போன் அடிக்கும். சர்வரோட மெயில் ஏற்பாட்டுக்கும் இதுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. பொத்தானை அழுத்தி 'பார்த்துட்டேன்'னு சொல்ற வரைக்கும் அடுத்த ஆளுக்கு, அதுக்கடுத்த ஆளுக்குன்னு போய்கிட்டே இருக்கும்.

இந்த 'பார்த்துட்டேன்' விஷயத்துல எங்க பக்கத்து வீட்டுக்காரங்களும் நிறைய அடிபட்டிருக்காங்க. அதான், இஸ்ரோ. 2017 நவம்பர் கடைசியில ஒக்கி புயல் வந்தப்போ, நாள் கணக்கா ஆழ்கடல்ல தங்கி மீன் பிடிக்கிற குமரி மாவட்டத்துக்காரங்க மொபைல் டவருக்கு எட்டாத தூரத்துல இருந்தாங்க. கரையில எச்சரிக்கை இருந்தது, அவங்ககிட்ட இல்ல. அதுக்கப்புறம் 2019ல ஜெமினின்னு சாட்டிலைட் வழியா எச்சரிக்கை வாங்குற கருவி வந்துச்சு. ஆனா அது ஒருவழிப் பாதை, வாங்கத்தான் முடியும், திருப்பிச் சொல்ல முடியாது. ஆபத்துல மாட்டினவன் பொத்தானை அமுக்குற கருவி 2010லேர்ந்தே இருக்கு. அதுல என்ன குறைன்னா, அமுக்கினது கரைக்குப் போச்சா இல்லையான்னு அமுக்கினவனுக்குத் தெரியாது. 2024 ஜனவரியில வந்த புது ரகத்துலதான், "உன் சேதி வந்துடுச்சு"ன்னு திருப்பிப் பதில் வரும். நடுக்கடல்ல, இருட்டுல, இஞ்சின் நின்ன படகுல உக்காந்திருக்கிறவனுக்கு அந்த ஒரு வரி என்னவா இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

கடைசியா முறை வெச்சோம். எந்த வாரம் யார் பொறுப்புன்னு ஒரு எக்செல் ஷீட். அதுக்கு நான் 'பாடு'ன்னு பேர் வெச்சேன். டீம்ல எல்லாரும் பாடுபடறதுக்குத்தான் வெச்சிருக்கேன்னு நினைச்சுகிட்டாங்க, அதுவும் தப்பில்ல. எங்க ஏரியில இறா நல்லா பாயுற இடத்துல இன்னிக்கு யார் வலை போடலாம்ங்கறதுக்குத் தலைமுறை தலைமுறையா ஒரு முறை இருக்கு, அது பேருதான் பாடு. உன் பாடு வந்தா நீ போகணும். மத்தவன் பாட்டுல நீ வலை விடக் கூடாது. எக்செல் இல்லாமயே ஓடிகிட்டிருக்கு. அந்த ஷீட்ல ஒரு கடைசி வரி சேர்த்தேன்: யாராவது வேலையை விட்டுப் போனா, லேப்டாப்பைத் திருப்பி வாங்கறதுக்கு முன்னாடி இங்க பேரை மாத்தணும்.

ஒவ்வொரு திங்களும் காலை ஒன்பதரைக்கு ஒரு சோதனை அலர்ட் அடிக்கும். அந்த வாரப் பாட்டுக்காரர் பொத்தானை அழுத்தணும். முதல் மாசம் "ஆரம்பிச்சுட்டான்யா"ன்னு முணுமுணுத்தாங்க. நானும் வடிவேலு மாதிரி வாங்கிகிட்டேன். போன மாசம் ஒரு திங்கக்கிழமை, புதுசா சேர்ந்த பொண்ணு ஒண்ணு ஒன்பது நாப்பதுக்கு என் சீட்டுக்கு வந்து நின்னுச்சு.

"அண்ணா, இன்னிக்கு அலர்ட் வரலை."

"எல்லாம் நல்லா இருக்கும்மா, அதான்…"ன்னு பாதி சொல்லிட்டு நாக்கைக் கடிச்சுகிட்டேன். போய்ப் பார்த்தோம். வார இறுதியில யாரோ ஃபயர்வால்ல கை வெச்சதுல சோதனை அலர்ட் போற வழி அடைஞ்சு கிடந்துச்சு. பத்து நிமிஷ வேலை.

ராத்திரி நைனாவுக்குப் போன் பண்ணி இதைச் சொல்லலாம்னு பார்த்தா அவர் பிசி. மறுநாள் ராக்கெட்டாம், மைக்ல சொல்லிட்டாங்களாம். "சித்தப்பாவுக்குக் காய்ச்சல்டா, இன்னிக்கு எண்றது நானு. நாலு படகு இன்னும் வர்ல. வெச்சுடு, அப்புறம் கூப்புட்றேன்"னாரு.